நிலத்தடி நீர் மாதிரியால் வெள்ளத்தையும் வறட்சியையும் முன்கூட்டியே சொல்ல இயலுமா?

குடகனாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீர்வளப் பொறியியல் முதுநிலைப் படிப்பின் இறுதியாண்டு ஆய்வுக்காகத் திண்டுக்கல் மாவட்டத்தின் குடகனாற்று வடிநிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். படித்துக்கொண்டு வரும்போது, தென் இங்கிலாந்தில் நிலத்தடி நீர்மட்டத்துக்கான கணினி மாதிரி ஒன்றையே வைத்துக்கொண்டு, வரும் மாதங்களில் வெள்ளம் வருமா, வறட்சி நீடிக்குமா என்ற இரண்டையும் கணித்து, மாதந்தோறும் வெளியிடுகிறார்கள் என்று அறிந்தேன். வறட்சியை நிலத்தடி நீர் கொண்டு கணிப்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வெள்ளம் என்பது மழையும் ஆறும் சம்பந்தப்பட்ட விஷயம் அல்லவா, அதில் கிணற்று நீர்மட்டத்துக்கு என்ன வேலை என்பது தெளிவாகவில்லை.

அடுத்த மூன்று மாத மழையையே யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாதபோது, அந்த மழையை நம்பியிருக்கும் நீர்மட்டத்தை மட்டும் எப்படிச் சொல்கிறார்கள் என்பதும் விளங்கவில்லை. என் கையில் இருப்பதோ மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை எடுக்கும் அளவீடுகளும், நாள் மழையளவும் மட்டுமே. இவற்றை வைத்துக்கொண்டு, நிலப்பரப்பைக் கட்டம் கட்டமாகப் பிரித்து நிலத்தடி நீரோட்டத்தைக் கணக்கிடும் மோட்ஃப்ளோ மென்பொருளில் முழு வடிநிலத்துக்கும் மாதிரி அமைக்கும்படி என் வழிகாட்டி சொல்கிறார். அது பொருத்தம்தானா, வேறு எளிய வழி உண்டா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடிநிலம் (மறுமொழி)

நான் பணிபுரிவது இங்கிலாந்தில், நீங்கள் குறிப்பிடும் தென் இங்கிலாந்தின் சாக் பாறைப் பகுதியில்தான் என்பதால், அந்தப் பக்கத்தை மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன். திண்டுக்கல் பாறையைப் பற்றி அங்கே கிணறு அளந்தவர்கள் சொல்லட்டும்.

முதலில் வெள்ளம். சாக் என்பது மென்மையான வெண்ணிறச் சுண்ணாம்புப் பாறை. அதன் கன அளவில் மூன்றில் ஒரு பங்கு வரை நுண்துளைகள்தான். ஆனால் அத்துளைகள் மிகமிகச் சிறியவை என்பதால் அவற்றிலுள்ள நீர் எளிதில் வடியாது. நீர்மட்டம் ஏறி இறங்கும்போது உண்மையில் நிரம்புவதும் வடிவதும் பாறையின் வெடிப்புகள் மட்டுமே, அவை மொத்தக் கன அளவில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு குளிர்காலத்தில் 100 மில்லிமீட்டர் நீர் கீழே இறங்கிச் சேர்ந்தால், வடிவு விகிதம் (மொத்தக் கன அளவில் வடியக்கூடிய நீரின் பங்கு) ஒரு விழுக்காடாக இருக்கும் பாறையில் நீர்மட்டம் 10 மீட்டர் ஏற வேண்டும். அதே நீர் 16 விழுக்காடு விகிதமுள்ள ஆற்று மணலில் இறங்கினால் ஏற்றம் 60 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இதனால்தான் சஸ்ஸெக்ஸ் மாகாணத்தின் சில்க்ரோவ் என்ற ஊரிலுள்ள கிணற்றில் நீர்மட்டத்தின் தாழ்ந்த அளவுக்கும் உயர்ந்த அளவுக்கும் இடையே ஏறத்தாழ 40 மீட்டர் வேறுபாடு காணப்படுகிறது. 1836 முதல் தொடர்ந்து அளக்கப்பட்டுவரும் அந்தக் கிணறு, உலகின் மிக நீண்ட நீர்மட்டப் பதிவுகளுள் ஒன்று.

மழை தொடர்ந்து பெய்து நீர்மட்டம் பள்ளத்தாக்குகளின் தரைமட்டத்தை எட்டிவிட்டால், பல ஆண்டுகளாக உலர்ந்து கிடந்த ஓடைகள் ஊற்றெடுத்து ஓடத் தொடங்கும். வீடுகளின் அடித்தளத்தில் தரை வழியாகவே நீர் மேலே வரும். கழிவுநீர்க் குழாய்களின் இணைப்புகளுக்குள் நிலத்தடி நீர் புகுந்து அவற்றை நிரப்பிவிடும். ஆற்று வெள்ளத்துக்குக் கரை எழுப்புவது போல இதற்குத் தடுப்புக் கட்ட முடியாது, ஏனெனில் நீர் வரும் வழி காலடியில் இருக்கிறது. 1994 ஜனவரியில் சிச்செஸ்டர் நகரை லாவன்ட் ஆறு மூழ்கடித்ததும், 2000–01 குளிர்காலத்தில் பிரைட்டனை ஒட்டிய பாட்சம் பகுதியிலும் ஹாம்ப்ஷயரின் ஹாம்பிள்டன் ஊரிலும் தெருக்களில் நீர் ஓடியதும் இவ்வகைதான். ஹாம்பிள்டனில் 2013–14 குளிர்காலத்தில் அதுவே மீண்டும் நிகழ்ந்தது. இத்தகைய வெள்ளம் மணிக்கணக்கில் வந்து வடிந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில், சில இடங்களில் மாதக்கணக்கில் நிற்கும். மெதுவாக வருவது என்பதால்தான் முன்கூட்டியே சொல்லவும் இடமிருக்கிறது.

இனி உங்களுடைய இரண்டாம் ஐயம். மழையைச் சொல்ல முடியாதபோது நீர்மட்டத்தை எப்படிச் சொல்வது? விடை, நிலத்தடி நீருக்கு நினைவு உண்டு என்பதில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து ஒரு கிணற்றில் நீர் எங்கே நிற்கும் என்பதில் பெரும்பங்கு, இன்று அது எங்கே நிற்கிறது என்பதாலேயே முடிவாகிவிடுகிறது. மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது, மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட பாறையில் எவ்வளவு நீர் ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது, அடியில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் சரியாக மதிப்பிட்டுவிட்டால், வரப்போகும் மழை அதன்மேல் சேர்க்கும் வேறுபாடுதான் மீதம்.

பிரிட்டிஷ் புவியியல் ஆய்வகம் உருவாக்கிய அக்விமாட் என்னும் மாதிரி இந்த மூன்று அடுக்குகளைத்தான் கணக்கிடுகிறது. அது வடிநிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் மாதிரி அன்று. ஒரு கண்காணிப்புக் கிணற்றை எடுத்துக்கொண்டு, மழையையும் ஆவியாதலையும் உள்ளே கொடுத்து, அந்த ஒரு கிணற்றின் நீர்மட்டத்தை வெளியே எடுக்கிறது. கணிப்புக்கு, இன்றைய நிலையில் மாதிரியை நிறுத்திக்கொண்டு, கடந்த ஒவ்வோர் ஆண்டிலும் இதே மாதங்களில் பெய்த மழையை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டுகிறார்கள். ஐம்பது ஆண்டு மழைப்பதிவு இருந்தால் ஐம்பது கோடுகள் கிடைக்கும். அவற்றுள் எத்தனை கோடுகள் வெள்ள எல்லையைத் தாண்டுகின்றன, எத்தனை வறட்சி எல்லைக்குக் கீழே போகின்றன என்று எண்ணினால் அதுவே நிகழ்தகவு. வானிலைத் துறையின் பருவக் கணிப்பு கிடைத்தால் அதையும் ஓட்டிப் பார்க்கலாம். 2013 முதல் மாதந்தோறும் வெளியாகும் பிரிட்டனின் நீரியல் முன்னோக்கு அறிக்கைக்கு இவ்வகைக் கணக்குகளே அடிப்படை.

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் ஒரே மாதிரி என்பதன் பொருள் இதுதான்: மாதிரி நீர்மட்டத்தை மட்டுமே சொல்கிறது, எல்லைக்கோட்டை நாம்தான் வரைகிறோம். இன்ன கிணற்றில் இன்ன உயரத்தைத் தாண்டினால் இன்ன ஊரில் ஊற்றுக் கிளம்பும் என்பதை மாதிரி கண்டுபிடிக்காது. பழைய வெள்ளங்களின் பதிவிலிருந்து அதைத் தனியே பொருத்த வேண்டும். வெள்ள எல்லை அருகில் மாதிரிகள் தடுமாறுவதும் வழக்கம். சாக் பாறையில் மேற்பகுதி வெடிப்புகள் அகலமானவை, ஆழம் போகப்போக அவை ஒடுங்கிவிடும். ஆகவே நீர் மேலே ஏற ஏற வடியும் வேகமும் கூடும். அந்த அடுக்கு வேறுபாட்டை விட்டுவிட்டு, சாதாரண ஆண்டுகளைக் கொண்டே திருத்தியமைத்த மாதிரி உச்ச நிலைகளில் தவறிவிடும்.

நினைவுக்கும் எல்லை உண்டு என்பதற்கு 2012 நல்ல சான்று. அடுத்தடுத்து இரண்டு குளிர்காலங்கள் வறண்டு போனதால் அந்த ஏப்ரலில் தென்கிழக்கு இங்கிலாந்தின் ஏழு குடிநீர் நிறுவனங்கள் தோட்டக் குழாய்களுக்குத் தடை விதித்தன. கோடையில் மண் உறிஞ்சியது போக ஒரு சொட்டும் கீழே இறங்காது என்பதுதான் அங்கே பொது விதி என்பதால், அக்டோபர் வரை மீட்சி இல்லை என்றே பெரும்பாலோர் கருதினார்கள். ஆனால் தடை விதித்த அதே மாதத்தில் தொடங்கிய மழை, மண் வறட்சியை முற்றாகத் தீர்த்துவிட்டு, கோடையிலேயே நீர்மட்டத்தை ஏற்றிவிட்டது. கடந்த கால மழையை ஓட்டும் முறை, கடந்த காலத்தில் இல்லாத ஒன்றைக் காட்டாது. இதை ஒப்புக்கொண்டுதான் அந்த அறிக்கைகளைப் படிக்க வேண்டும்.

பழைய கிணறு (மறுமொழி)

தம்பி குடகனாறு அவர்களுக்கு, மாநில நிலத்தடி நீர்ப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். மேலே நண்பர் சொன்ன கணக்கு நம் ஊருக்கும் பொருந்தும். முடிவு மட்டும் மாறும்.

தமிழ்நாட்டின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு கடும்பாறை. உங்கள் வடிநிலமும் நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள்தான். நீர் இருப்பது மேலேயுள்ள சிதைவுப் பாறையிலும் அதற்குக் கீழுள்ள வெடிப்புகளிலும். மத்திய நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் விதிமுறைப்படி சிதைந்த கிரானைட், நைஸ் பாறைக்கு வடிவு விகிதம் 1.5 விழுக்காடு, மழையில் கீழே இறங்கும் பங்கு 11 விழுக்காடு. நம் வடகிழக்குப் பருவமழையின் மாநிலச் சராசரி ஏறத்தாழ 440 மில்லிமீட்டர். அதில் 11 விழுக்காடு என்றால் 48 மில்லிமீட்டர், அதை 1.5 விழுக்காட்டால் வகுத்தால் மூன்று மீட்டருக்குச் சற்று மேல். இறைப்பு இல்லையென்று வைத்துக்கொண்டால், ஒரு நல்ல பருவமழைக்குக் கிணற்றில் நாம் எதிர்பார்க்க வேண்டிய ஏற்றம் இதுதான். ஏறுவது சாக் பாறையைப் போல விரைவுதான், ஆனால் சேமிப்பறை மிகவும் ஆழம் குறைந்தது. இங்கிலாந்தில் இரண்டு குளிர்காலம் பொய்த்தால்தான் பெரிய வறட்சி. நமக்கோ ஒரு பருவமழை பொய்த்தாலே போதும்.

2016 வடகிழக்குப் பருவமழை நினைவிருக்கும். மாநிலத்தில் 62 விழுக்காடு குறைவு. 2017 ஜனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. பயிர் கருகியதைக் கண்டு அறிவிப்பது வேறு. அந்த ஜனவரிக் கிணற்று அளவை வைத்துக்கொண்டு, வரும் மே மாதத்தில் எந்தக் குறுவட்டத்தில் குடிநீர்க் கிணறுகள் வற்றும் என்று சொல்வது வேறு. பின்னது நம்மால் முடியும் என்பதே என் கருத்து, அதற்குக் காரணமும் உண்டு. டிசம்பர் முடிந்தால் நமக்கு ஜனவரி முதல் மே வரை பெய்யும் மழை சொற்பம். ஆங்கிலேயருக்கு எந்த மாதத்திலும் மழை வரலாம். அவர்கள் ஐம்பது கோடு ஓட்டியே ஆக வேண்டும். நாம் ஜனவரியில் நிற்கும்போது, நம் ஐம்பது கோடுகளும் அருகருகே நெருங்கித்தான் ஓடும். அடுத்த ஐந்து மாதத்துக்குக் கிணறு இறங்கத்தான் போகிறது. எவ்வளவு வேகமாக என்பது மட்டும்தான் கேள்வி.

அந்த வேகத்தை முடிவு செய்வது இறைப்பு. சிக்கலும் அங்கேதான். மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயப் பம்புசெட்டுகள் இலவச மின்சாரத்தில் ஓடுகின்றன; பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு நீர் எடுக்கப்படுகிறது என்பதைக் கிணறுகளின் எண்ணிக்கை, ஓட்டும் மணி, பயிர்ப் பரப்பு ஆகியவற்றிலிருந்து ஊகித்தே எழுதுகிறோம். மோட்ஃப்ளோ மாதிரியில் நீங்கள் எவ்வளவு நுணுக்கமாகக் கட்டம் பிரித்தாலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் இறைப்பு எண் ஒன்று கொடுக்க வேண்டும், அது ஊகம். நீர்கடத்து திறன் ஒன்று கொடுக்க வேண்டும், நூறு மீட்டருக்கு ஒருமுறை மாறும் கடும்பாறையில் அதுவும் ஊகம். இரண்டு ஊகங்களையும் மாற்றி மாற்றித் திருகினால் கிணற்று அளவோடு மாதிரியைப் பொருத்திவிடலாம். அப்படிப் பொருந்திய மாதிரிகள் பலவற்றை ஆய்வேடுகளில் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆண்டைக் கேட்டால் அவை கைவிரித்துவிடும். வழிகாட்டியிடம் மரியாதையோடு இதைச் சொல்லுங்கள். ஒரு வாய்க்கால் ஓரத்தில் தடுப்பணை கட்டினால் எங்கே எவ்வளவு ஏறும், கடலோரத்தில் உப்புநீர் எதுவரை புகும் என்பன போன்ற இடம் சார்ந்த கேள்விகளுக்கு மோட்ஃப்ளோ தேவை. உங்கள் கேள்வி காலம் சார்ந்தது.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, உங்கள் வடிநிலத்தில் அந்தப் பாதியை விட்டுவிடலாம். நீர்மட்டம் எழும்பி வீட்டுக்குள் வருவது திண்டுக்கல்லில் பேசப்படும் பிரச்சினை அன்று.

எல்நினோ (மறுமொழி)

ஐயா சொன்னதில் ஓர் ஐயம். 2015 சென்னை வெள்ளத்துக்கு முன் நிலத்தடி நீர் நிரம்பியிருந்ததும் ஒரு காரணம் என்று அப்போது பலரும் பேசினார்கள். அப்படியானால் நிலத்தடி நீர் மாதிரி அங்கே பயன்பட்டிருக்காதா?

வடிநிலம் (மறுமொழி)

ஓரளவுக்குத்தான். சென்னையில் அந்த நவம்பர் மாதத்தில் மட்டும் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்திருந்தது. அந்த மழைக்குப் பிறகு டிசம்பர் 1ஆம் நாள் பெய்த மழை, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் அளவுக்குப் பதிவானது. மண்ணும் ஏரிகளும் நிரம்பியிருந்ததால் இடமின்றி நீர் வழிந்தோடியது என்பது சரி. ஆனால் அந்த அளவு மழை வறண்ட மண்ணில் பெய்திருந்தாலும் பெரும்பகுதி ஓடித்தான் இருக்கும். நீர்மட்டம் தரையை எட்டி வருவது நிலத்தடி நீர் வெள்ளம். நிறைந்த மண்ணின்மேல் மழை ஓடுவது மேற்பரப்பு வெள்ளம். பின்னதில் நிலத்தடி நீர் மாதிரியின் பங்கு, மழைக்கு முன் எவ்வளவு வெற்றிடம் மீதமிருந்தது என்பதை வெள்ள மாதிரிக்குச் சொல்வது மட்டுமே. மாதக்கணக்கில் நகரும் ஒன்றை வைத்து மணிக்கணக்கில் நிகழும் ஒன்றைக் கணிக்க முற்படக் கூடாது.

தரவுப்பித்தன் (மறுமொழி)

மாதிரியே வேண்டாம், செயற்கை நரம்புப் பின்னலுக்குத் தரவைக் கொடுத்தால் அதுவே கற்றுக்கொள்ளும் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நான் அந்தத் துறையைச் சேர்ந்தவன் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆண்டுக்கு நான்கு அளவுகள் என்றால் முப்பது ஆண்டுக்கு 120 புள்ளிகள். இவற்றைக் கொண்டு பின்னலுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான எடைகளை (அது தானே கற்றுக்கொள்ள வேண்டிய எண்களை) கற்பிப்பது கேலிக்கூத்து. தானியங்கிக் கருவி பொருத்திய கிணறுகளின் ஆறு மணி நேர அளவுகள் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து கிடைத்தால் அப்போது முயலலாம். அப்போதும் அப்பின்னல் கண்டிராத வறட்சியை அது சரியாகச் சொல்லும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொன்று, எந்த மாதிரியானாலும் பொருந்தும். நாஷ்–சட்கிளிஃப் திறன் (கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.85 வந்தது என்று எழுதி மகிழ்ந்துவிடாதீர்கள். நம் கிணறுகள் மழைக்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்குபவை. அந்த ஆண்டுச் சுழற்சியைப் பிடித்தாலே அந்த எண் உயர்ந்துவிடும். ஒவ்வொரு மே மாதத்துக்கும் கடந்த மே மாதங்களின் சராசரியையே கணிப்பாகச் சொல்லும் ஒரு சோம்பேறி முறையை வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரி அளவிலிருந்து வழக்கமான இறக்கத்தைக் கழிப்பது இன்னொரு சோம்பேறி முறை. உங்கள் மாதிரி இவ்விரண்டையும் வெல்ல வேண்டும், அதுவும் மாதிரியைத் திருத்தப் பயன்படுத்தாத ஆண்டுகளில். 2016–17ஐத் திருத்தத்திலிருந்து முழுவதுமாக ஒதுக்கிவைத்துவிட்டுச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

குடகனாறு (கேள்வி கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. கேள்வியையே சுருக்கிக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன்: ஜனவரி நீர்மட்டத்திலிருந்து மே நீர்மட்டத்தை, கிணறு கிணறாக, மூன்றடுக்கு எளிய மாதிரி கொண்டு கணிப்பது, 2016–17ஐச் சோதனைக்கு வைத்துக்கொள்வது. இறைப்புக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. கிரேஸ் செயற்கைக்கோளின் ஈர்ப்பு விசை அளவீடுகளிலிருந்து நிலத்தடி நீர்க் குறைவைக் கண்டுபிடிக்கிறார்களே, அது உதவுமா?

பழைய கிணறு (மறுமொழி)

கிரேஸ் உங்களுக்கு உதவாது. சில நூறு கிலோமீட்டர் அகலப் பரப்புக்கு ஒரு சராசரியைத்தான் அது காட்டும். வடமேற்கு இந்தியா முழுவதும் நீர் குறைந்துவருவதை 2009இல் அது காட்டியது பெரிய செய்தி, குடகனாறு அதன் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

இறைப்புக்கு, துணைமின் நிலையத்திலிருந்து விவசாயத்துக்கென்று தனியாகப் பிரிந்து செல்லும் மின்தடம் உங்கள் வடிநிலத்தில் எங்கேனும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். இருந்தால் அதன் மாதாந்திர அலகுகள் மின்வாரிய அலுவலகத்தில் இருக்கும். ஒவ்வொரு பம்புக்கும் மீட்டர் இல்லாவிட்டாலும் மொத்தம் எந்த மாதத்தில் எவ்வளவு என்பது கிடைத்துவிடும். மாதிரிக்குத் தேவைப்படுவதும் அந்த மாத வேறுபாடுதான். அலகை நீராக மாற்றும்போது கவனம் தேவை: நீர்மட்டம் ஆழமாகப் போகப்போக ஒரே அலகு மின்சாரத்துக்கு வரும் நீர் குறையும், ஆகவே மார்கழிக்கும் சித்திரைக்கும் ஒரே பெருக்கெண்ணைப் போட்டுவிடாதீர்கள். தடத் தரவு கிடைக்காவிட்டால், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேட்டிலுள்ள பயிர்ப் பரப்பை எடுத்துக்கொண்டு, பயிரின் நீர்த்தேவையால் பெருக்குங்கள். தென்னையும் முருங்கையும் மிகுந்த இடங்களில் இறைப்பு ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக இருக்கும். காய்கறிப் பகுதிகளில் ஜனவரி நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் விவசாயி நடவையே முடிவு செய்வார், எனவே நீர் குறைந்த ஆண்டில் இறைப்பும் குறையும். இந்த எதிர்வினையை மாதிரிக்குள் வைக்காவிட்டால், வறட்சி ஆண்டில் உங்கள் கணிப்பு உண்மையைவிட ஆழமாகப் போய் நிற்கும்.

கிணறுகளைத் தேர்ந்தெடுக்கும்போது ஒவ்வொன்றையும் நேரில் போய்ப் பாருங்கள். கண்காணிப்புக் கிணறு என்று பட்டியலில் இருப்பது சில இடங்களில் இன்றும் இறைக்கப்படும் பாசனக் கிணறாக இருக்கும். அருகில் பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த எண், அந்த நேரத்து இறக்கத்தையும் சேர்த்துக் காட்டும். அத்தகைய கிணறுகளின் பதிவில் ஒரு பருவத்தில் மட்டும் காரணமின்றி மூன்று நான்கு மீட்டர் குழி விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகளை வறட்சி என்று மாதிரிக்குக் கற்பிப்பதற்கு முன், அதே மாதத்தில் சுற்றியுள்ள கிணறுகளிலும் அந்தக் குழி இருக்கிறதா என்று ஒப்பிட்டுவிடுங்கள்.